உப்பு, புளி, மிளகாய்

நான் முப்பத்தோரு வருஷம் தமிழ்ப் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஆண்டு இறுதிக் கலை நிகழ்ச்சியில் என் பிள்ளைகளில் ஒன்றுகூட மேடையில் வாயடைத்து நின்றதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். மேடைக்குக் கீழே குந்திக்கொண்டு, பிள்ளை தடுமாறுகிற இடத்தில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். நான் "அ" என்று வாயசைத்தால் அது "அணில்" என்று கத்தும். பெற்றோர் கைதட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். இந்தப் பழக்கம் ஒரு நாள் என் கூடப் பிறந்தவளின் வீட்டையே காவு வாங்கப் பார்க்கும் என்று யார் கண்டார்கள்!

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள், எழுபதைத் தாண்டிவிட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கினாள். அவள் புருஷன் இறந்த பிறகு, மலாக்காவில் செலண்டாரிலிருந்து ஜாசின் போகும் வழியில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மகள் வீட்டோடு இருக்கிறாள். மகளுக்குச் சுங்கை ஊடாங்கில் ஆபீஸ் வேலை. விடியக் காலையில் காரை எடுத்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். மருமகன் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. காலையிலிருந்து மாலை வரை அந்தக் குழந்தைக்கு எல்லாமே என் அக்காதான்.

போன வருஷம் ஆடி மாதம், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் வைத்தார்கள். தோட்டத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் தாமான்களுக்குப் போய்விட்டாலும் ஆடிக் கூழுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை விடக் கூடாது என்று கோயில் கமிட்டிக்காரர்கள் அரசாங்க கிளினிக்கில் பேசி ஏற்பாடு செய்திருந்தார்கள். ரத்த அழுத்தம், இனிப்புநீர் என்கிற நீரிழிவு, கண். அதோடு அறுபது தாண்டியவர்களுக்கு ஞாபக சக்தியைப் பார்க்க ஒரு சின்ன டெஸ்ட். பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்த டெஸ்டை நடத்த வந்தவர் ஒரு மலாய் நர்ஸ். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் கிழடு கட்டைகளில் பாதிப் பேருக்கு மார்க்கெட் மலாய்க்கு மேல் வராது. "டீச்சர், நீங்க உட்கார்ந்து மொழிபெயர்த்துக் குடுங்க" என்று கமிட்டித் தலைவர் என்னைப் பிடித்துப் போட்டார்.

முகாமுக்கு முந்தின நாள் அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள்.

"சின்னம்மா, அம்மாவையும் அந்த டெஸ்டுல உட்கார வைங்களேன். கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்காங்க. பிள்ளைய விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. அன்னைக்கு ரசத்துல சீனி போட்டிருந்தாங்க. ஏதாவது இருக்குன்னு நர்ஸ் சொன்னாங்கன்னா பிள்ளைய தாஸ்காவுல போட்டுருவேன். இடம்கூடக் கேட்டு வெச்சிட்டேன். ஒண்ணும் இல்லன்னா அம்மாகிட்டயே இருக்கட்டும்."

தாஸ்கா என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அக்கா வளர்த்த பிள்ளை, இப்போது அவளுக்கே பரீட்சை வைக்கிறாளா? "வயசானா அப்படி இப்படித்தான் லா இருக்கும்! நான்கூடத்தான் மூக்குக்கண்ணாடியத் தலையில வெச்சிக்கிட்டு வீடு பூரா தேடுறேன். என்னையும் தாஸ்காவுல போடுறியா?" என்று பொரிந்து தள்ளினேன். அவள் "உட்கார மட்டும் வைங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், நானும் கவனிக்காமல் இல்லை. ஒரே காலையில் மூன்று தடவை போன் பண்ணி, ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போகிறாய் என்று கேட்டாள். மூன்றாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். அதற்கு மேல் அதை யோசிக்க எனக்கு மனசு வரவில்லை.

மண்டபத்தின் மூலையில் ஒரு மடக்கு மேசை, நாலு நாற்காலி. நர்ஸ் கேள்வியை மலாயில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். பதிலை நான் மலாயில் திருப்பிச் சொன்னால் அவர் தாளில் டிக் போடுவார். முதல் ஆள் ஒரு பாட்டையா. "இது என்ன மாசம்?" என்று கேட்டதற்கு "ஆடி" என்றார். நான் "ஜூலை" என்று நர்ஸுக்குச் சொன்னேன். அது மொழிபெயர்ப்பு, அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அதற்கடுத்த கேள்வியில் தொடங்கியது. "என்ன கிழமை?" அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு காலத்தில் அறுபது பேரை வேலைக்குப் பிரித்துவிட்ட கங்காணி அவர். நர்ஸ் முன்னால் இப்படி முழிக்கிறாரே என்று எனக்கு மானம் போனது. "நேத்து சனிக்கிழமைல்ல, எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஆமா, ஆமா, இன்னைக்கு ஞாயிறு" என்றார். டிக்.

அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது.

அந்த டெஸ்டில் மூன்று சொல்லைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். நர்ஸின் தாளில் இருந்த மூன்று சொல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒரு மிருகம், ஒரு சாமான், ஒரு நிறம் என்று வாயில் வந்ததை எழுதி வைத்த மாதிரி. எவன் யோசித்துப் போட்டான் இதை என்று எனக்கு எரிச்சல். முதல் இரண்டு பேர் தடுமாறியதைப் பார்த்ததும் நானே மாற்றிவிட்டேன். "உப்பு, புளி, மிளகாய். ஞாபகம் வெச்சிக்குங்க, அப்புறம் கேப்பாங்க" என்றேன். நர்ஸுக்கு எங்கே தெரியப் போகிறது! அவர் என் தலையாட்டலைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். உப்பு, புளி, மிளகாயை எங்கள் ஊரில் யார் மறப்பார்கள்? ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாக வந்து விழும். அதற்காகத்தானே போட்டேன்.

கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஒரு பெரியம்மா வாழ்நாளில் பென்சிலே பிடிக்காதவர், கை நடுங்கியது. நான் வட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்தவருக்கு வட்டத்தோடு பன்னிரண்டையும் ஆறையும் போட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்தவருக்கு மூன்றையும் ஒன்பதையும் சேர்த்தேன். நர்ஸ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "சிக்கு, அவங்களே வரையட்டும்" என்றார். டீச்சருக்கு மலாயில் சிக்கு என்பார்கள். "இவங்களுக்குப் பென்சில் பழக்கமில்லை" என்றேன். மரியாதைக்காக அவர் அதற்கு மேல் பேசவில்லை.

பதினோரு மணிக்கு மேல் அக்கா வந்து உட்கார்ந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. "ஞா..." என்று வாயெடுத்தேன். "ஞாயித்துக்கிழமை" என்றாள். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றதற்கு "ம..." என்றேன், மலாக்கா என்றாள். மூன்று சொல்லையும் திரும்பக் கேட்டபோது "உப்பு" என்றதோடு நின்றுவிட்டாள். உப்புக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை! ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்குப் புளி வரவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. புளியைப் பிசைகிற மாதிரி மேசைக்கு மேலேயே விரலை அசைத்துக் காட்டினேன். "புளி" என்றாள். மிளகாய்க்கு உஸ்ஸென்று ஊதிக் காட்டினேன். கடிகாரத்தில் முள்ளை மட்டும்தான் அவள் வரைந்தாள், அதையும் நான் விரல் வைத்த இடத்தில்.

எல்லாவற்றுக்கும் டிக். கூட்டிப் பார்த்துவிட்டு நர்ஸ் சிரித்தார். "பாகுஸ், மாச்சிக்" என்று அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்லா இருக்கு அம்மா என்று அர்த்தம். அக்கா எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா பாஸ்! என்னமோ பெருசா பேசுனியே, உன்னைவிட அவ தெளிவா இருக்கா, தெரியுமா?" அவள் போனிலேயே அழுதுவிட்டாள், அவ்வளவு நிம்மதி. மறுநாளே தாஸ்காவில் கேட்டு வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தோட்டத்து ஆட்கள் யாருமே பெயில் ஆகவில்லை என்று நான் கோயில் வாசலில் நின்று பீற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. அக்கா மகள்.

"சின்னம்மா... பிள்ளையைக் காணோம்."

என் கையில் இருந்த தேத்தண்ணீர் கோப்பை எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரை எப்படி எடுத்தேன், எந்த வளைவில் எப்படித் திரும்பினேன், ஒன்றும் ஞாபகமில்லை. போய் இறங்கினால் வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அக்கா அடுப்படியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. மகள் பேயறைந்தவள் போலச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.

"அக்கா, பிள்ளை எங்க?" என்றேன்.

"அவங்க அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாளே" என்றாள் அக்கா.

"அம்மா, நான்தாம்மா அவ அம்மா!" என்று மகள் கத்தினாள். அந்தக் கத்தல் இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்கா கையிலிருந்த கீரையோடு மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. "அப்ப... பிள்ளை எங்கடி?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தத் தாமானுக்கு வெளியே பெரிய ரோடு. செம்பனைக்குலை ஏற்றிய லோரிகள் நாள் பூரா நிற்காமல் போகும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள். வாய்க்காலை எட்டிப் பார்த்தபோது கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம்.

குழந்தை கிடைத்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரச் சீன அம்மாவுக்கு அக்காவை முகம் தெரியும், வீடு தெரியாது. மூன்று மணி இருக்குமாம். அக்கா குழந்தையோடு வந்து கொத்தமல்லி வாங்கியிருக்கிறாள். குழந்தை ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அக்கா பையை எடுத்துக்கொண்டு தனியாக ரோட்டைக் கடந்து போய்விட்டாளாம். "நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், அவங்க திரும்பல. கடையைப் போட்டுட்டு நான் எங்க போறது? திரும்ப வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்று அந்த அம்மா மலாயில் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தைக்கு ரொட்டி கொடுத்து, பால் கொடுத்து, தூங்கவைத்திருக்கிறார். அவர் காலில் விழலாம் போல இருந்தது. அக்கா மகள் விழுந்தே விட்டாள்.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். விட்டுக்கொடுத்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க அந்தத் தாஸ்காவுக்குப் போனோம். குழந்தை பின்னால் உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தது. வழியில் அவள் கேட்டாள்.

"சின்னம்மா, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அம்மா எல்லாத்தையும் அவங்களாவேதான் சொன்னாங்களா?"

"சொன்னா... நான் கொஞ்சம் எடுத்துக் குடுத்தேன்."

"கொஞ்சம்னா?"

நான் சொன்னேன். கிழமை, மாநிலம், புளி, மிளகாய், கடிகாரத்து முள். சொல்லச் சொல்ல என் காதிலேயே அது எப்படிக் கேட்டது தெரியுமா? அந்த ஒரு உப்பைத் தவிர ஒரு பதில்கூட என் அக்காவுடையது இல்லை. அக்கா மகள் காரை ரோட்டோரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப பாஸ் ஆனது நீங்க சின்னம்மா. எங்க அம்மாவுக்கு டெஸ்டே நடக்கல. நீங்க பாஸ் ஆனதை நம்பி நான் எம்பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதோடு காரை எடுத்தாள்.

அன்றைக்கே நான் கிளினிக்குக்குப் போனேன். அந்த நர்ஸ் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உபசரித்தார், எனக்கு இன்னும் கூசியது. நடந்ததைச் சொன்னேன். மூன்று சொல்லை நானே மாற்றியதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அக்காவுக்கு மட்டுமா சிக்கு?"

"இல்லை. எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா!"

அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார். "சிக்கு, ஒருவர் எடை பார்க்கும்போது நீங்கள் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினால் முள் என்ன காட்டும்?"

"நான் அவங்க மானத்தைக் காப்பாத்தத்தான்..." என்று இழுத்தேன்.

"இது பள்ளிப் பரீட்சை இல்லை. இதில் பெயில் என்று ஒன்று கிடையாது. குறைவாக வந்தால் நோய் என்றும் அர்த்தமில்லை. ஏன் குறைகிறது என்று டாக்டர் பார்ப்பார். படிக்காதவர்களுக்கு அதற்குத் தகுந்த மாதிரிதான் கணக்குப் பார்ப்போம். சிலருக்குத் தைராய்டு, சிலருக்கு ரத்தத்தில் சத்துக் குறைவு, சிலருக்கு மனச்சோர்வு. அதெல்லாம் மருந்தில் சரியாகிவிடும். சரியாகாத வகையாக இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் உஷாராக இருக்கலாம் இல்லையா? தடுமாறுகிற இடத்தைப் பார்க்கத்தான் நாங்கள் வந்தோம். நீங்கள் அந்த இடத்தைத்தான் மூடிவிட்டீர்கள்."

பெயில் என்று ஒன்று கிடையாது! இதை ஏன் நான் முதலிலேயே கேட்கவில்லை? கேள்விகளை மொழிபெயர்த்தேனே தவிர, இது எதற்காக என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்டேனா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

முகாமுக்கு வந்த எல்லாரையும் திரும்பப் பார்த்தாக வேண்டும் என்றார். பட்டியலை வாங்கிக்கொண்டு நானே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அது எனக்கு வேண்டிய தண்டனைதான். கங்காணி ஐயா வீட்டில், "நான்தான் பாஸ் ஆயிட்டேனே டீச்சர்" என்றார். "இல்ல ஐயா, நான் சொல்லிக் குடுத்துட்டேன், அது செல்லாது" என்றேன். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நானும் அதைத்தான் நெனச்சேன் லா. வீட்டுல கொழுந்தன் பேரு தெரியாத மனுஷன் அங்க மட்டும் எப்படிப் பாஸாவாருன்னு" என்று சொல்லிவிட்டு, பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் சட்டென்று பயம் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. இப்படி ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சிலர் என்னைத் திட்டவும் செய்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்காவுக்குத் திரும்ப டெஸ்ட். வேறு கிளினிக்கிலிருந்து ஒரு தமிழ் நர்ஸை வரவழைத்திருந்தார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, குழந்தை தாஸ்காவுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. நான்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். அறைக்குள் நானும் இருக்கலாம், ஆனால் பின்னால் சுவரோரமாக உட்கார வேண்டும், வாயையும் கையையும் அசைக்கக் கூடாது என்று அந்த நர்ஸம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

அக்கா யோசித்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நாக்கு நுனியில் "செ" நிற்கிறது, செவ்வாய்க்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியலம்மா" என்றாள் அக்கா.

மாதம் தெரியவில்லை. மூன்று சொல்லைச் சொன்னார்கள், உடனே திருப்பிச் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மூன்று சொல் சொன்னார்களா என்று கேட்டாள். கடிகாரத்துக்கு ஒரு வட்டம் போட்டாள், நல்ல வட்டம். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அன்றைக்கு மண்டபத்தில் இதை எல்லாரும் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் கொடுத்தார். இன்னும் பார்க்க வேண்டும், இப்போதே ஒன்றும் முடிவாகச் சொல்ல முடியாது என்றார். இனிமேல் குழந்தையோடு தனியாக விடாதீர்கள், அடுப்பையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். மருந்துச் சீட்டுக்கு நம்பர் கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, என்னை மன்னிச்சிடுக்கா. நான் வாயசைச்சதே தப்பு" என்றேன். அவளுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியாது, மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். எனக்காகத்தான் சொன்னேன்.

அக்கா மடியில் இருந்த சீட்டை மடித்தாள், பிரித்தாள். "கோயில்லயா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கே தெரியும்டி" என்றாள். "ரொம்ப நாளாவே தெரியும். பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணி வெப்பேன், எதுக்கு வெச்சேன்னு மறந்துரும். கொதிக்கிற தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயி அவ பக்கத்துல நின்னேன் ஒரு நாளு. அப்புறம் எனக்குக் கை காலு எல்லாம் ஆடிப்போச்சு. பிள்ளைய என்கிட்ட விடாதேன்னு எம் மககிட்ட எந்த வாயால சொல்றது? அவ வேலைக்குப் போவணும். அதான் டெஸ்டுன்னு சொன்னதும் நானா வந்து உட்கார்ந்தேன். அவங்க சொல்லட்டும், அவங்க வாயால வரட்டும்னு."

நம்பர் ஒன்றைக் கூப்பிட்டார்கள், எங்களுடையது இல்லை.

"அந்த நர்ஸு முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்டி, கண்டுபிடிச்சிருவாங்க, கண்டுபிடிச்சிருவாங்கன்னு" என்றாள் அக்கா. "நீதான் குறுக்கக் குறுக்க வந்துட்டே."